பைக்கு வெளியே ஒரு கைபேசி

...பையிலிருந்து வெளியே எடுத்தது யார், வேறு யார், அவளேதான், பேட்டரி சாகக் கிடந்தது, ஒருமுறை அணைந்துவிட்டால் இந்தக் கைபேசியை அப்புறம் திறக்கவே முடியாது, அந்த அவசரத்தில் சிக்னல் புகாத பையை மறந்து தடயவியல் கூடத்து மேசையில் வைத்து பவர் பேங்க் வயரைச் செருகினாள், அதற்குள் திரை மின்னியது. "டேய், இன்ஹேலர எங்கடா வச்ச? இழுக்குது." அனுப்பியவர் பெயர் அப்பா என்றிருந்தது. கையோடு இன்னொன்று. "நேத்து திட்டினதுக்குக் கோவமா? பதிலாவது போடுடா." அவள் பதறிப்போய் பவர் பேங்கோடு பைக்குள்ளே போட்டு மூடினாள்... மகன் காவலில் இருப்பதை அந்தப் பெரியவரிடம் யாருமே சொல்லவில்லையா? ஒரு மருத்துவமனையின் கணினிகளை மொத்தமாகப் பூட்டிவிட்டு, திறக்க விலை பேசியவன், இன்னும் அங்கே ஆபரேஷன்கள் நின்று கிடக்கின்றன, அந்தப் பூட்டின் சாவி இதற்குள் இருக்கலாம் என்றுதான் நீதிமன்றம் திறக்கச் சொன்னது, அதுவும் வெளித்தொடர்பு படாமல். பட்டது என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா, சாவியை நீங்களே உள்ளே அனுப்பி வைத்தீர்களோ என்பார், வழக்கு கந்தலாகும், அவள் வேலையும்... பேசாமல் இருந்தால் இப்போதைக்கு யாருக்குத் தெரியும்? மேலே இருப்பவனுக்குத் தெரியும். தன் போனை எடுத்து விசாரணை அதிகாரியை அழைத்தாள்.

"சார், அந்தப் பையனோட அப்பாவுக்கு மூச்சுத்திணறல். உடனே வீட்டுக்கு யாரையாவது அனுப்புங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? கனவு கண்டீங்களா?"

"போனைப் பையை விட்டு வெளிய எடுத்துட்டேன். மெசேஜ் வந்துச்சு."

"போச்சு. வக்கீலுக்கு விருந்தே வச்சிட்டீங்க."

"முதல்ல ஆளை அனுப்புங்க சார், அப்புறம் திட்டுங்க."

அவர் முனகிக்கொண்டே நடப்பது கேட்டது, கம்பிக்கதவுச் சத்தம், "டேய், இன்ஹேலர் எங்க?" என்ற அதட்டல், பிறகு ஒரு இளங்குரல், இவ்வளவு சின்னக் குரலா இவனுக்கு, "பிரிட்ஜ் மேல, டப்பாவுக்குப் பின்னாடி... சார், நான் இங்க இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லிராதீங்க சார்." இணைப்பு துண்டிக்கப்பட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான், ஆள் போய்ச் சேர வேண்டும், டப்பாவை நகர்த்த வேண்டும், அதுவரை மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும்... பை மேசைமேல் சத்தமில்லாமல் கிடந்தது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பாரோ, கேட்பது நின்றுவிட்டதோ, எது வந்தாலும் இனி உள்ளே நுழையாது. கடவுளே, என்று கைகூப்பினாள். பையை மூடும்போதும் இதே கடவுளைத்தானே கூப்பிட்டாள், இன்னொரு செய்தி வந்துவிடக் கூடாது என்று... அது அவருக்காகவா, தனக்காகவா?