கடைசித் துடுப்பாட்டக்காரர்

சண்முகராசா சிகரெட்டை விட்டது டொக்டருக்குப் பயந்துதான். ஜெர்மனியில் டைல்ஸ் பதிக்கும் வேலை பழகிய நாளில் பிடித்த பழக்கம் அது. லண்டனுக்கு வந்து, மோர்டனில் வீடு வாங்கி, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அது அவரோடேயே இருந்தது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர் குரலை உயர்த்தாமல் இரண்டு வசனம் சொன்னார். வீட்டுக்கு வந்தவர் மிச்சமிருந்த பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குப்பையில் எறிந்தார். மனைவி நகுலேஸ்வரி முதலில் நம்பவில்லை. சில கிழமைகள் பார்த்துவிட்டு, சிகரெட்டுக்குப் போகிற காசை அவர் தன் விருப்பத்துக்குச் செலவழிக்கலாம், தான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னாள்.

அவருக்கு அப்படியொரு விருப்பம் இருக்கவில்லை. அது வேலைக்குப் போன இடத்தில் கிடைத்தது. விம்பிள்டனில் ஒரு பழைய வீட்டின் குளியலறையை அவர் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரி மேல்தட்டை ஒதுக்கிச் சாமான்களை வெளியே எறிந்துகொண்டிருந்தாள். அதில் கண்ணாடி உடைந்த படச்சட்டம் ஒன்று கிடந்தது. உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஏழு அட்டைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை உடுப்புடன் ஒரு கிரிக்கெட் வீரர். கேட்டதும் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். அன்று போனில் தேடிப் பார்த்தார். நூறு வருடங்களுக்கு முன்பு, அவ்வளவாக ஓடாத ஒரு சிகரெட் கம்பனி பெட்டிக்கு ஒன்றாக வைத்து விற்ற அட்டைகள் அவை. முழுத் தொகுதி ஐம்பது. நல்ல நிலையில் அத்தனையும் வேண்டுமென்றால் வேலைக்கு ஓட்டிப்போகும் அவருடைய வானை விற்கவேண்டும்.

அவர் வானை விற்கவில்லை. சிகரெட் காசுக்கு மேல் ஒரு பவுணும் போடுவதில்லை என்று தீர்மானித்து, மற்றவர்கள் கழித்துவிடும் அட்டைகளாகப் பார்த்து வாங்கினார். மூலை மடிந்தவை, தேத்தண்ணீர்க் கறை பட்டவை, யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் மீசை கீறியவை. சில கிழமைகளில் ஒன்றும் அகப்படாது. அப்போது காசு அடுத்த கிழமைக்கு நிற்கும். இப்படியே இரண்டு வருடத்தில் நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டன.

மிஞ்சியது ஒரு துடுப்பாட்டக்காரர். அந்தக் காலத்தில் பெயர்பெற்ற ஆளாம். தொகுதி சேர்க்காதவர்கள்கூட அவரை மட்டும் தேடி வாங்கினார்கள். சண்முகராசாவுக்கு அட்டைகளில் இருந்த அக்கறை ஆட்டத்தில் இல்லை. அவர் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்.

அந்த அட்டை இளவேனிலில் ஒருமுறை இணைய ஏலத்துக்கு வந்தது. மூன்று மாதக் காசைச் சேர்த்துவைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். கடைசி நிமிடத்தில் கிளறா என்ற பெயரில் யாரோ அரைப் பவுண் கூட்டிக் கேட்டு அதைக் கொண்டுபோய்விட்டார்கள். முன்பும் நாலைந்து அட்டைகளை இதே கிளறா இப்படித்தான் தட்டிப் பறித்திருந்தாள். நாய் வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியாக அவர் அவளை நினைத்துக்கொண்டார். அன்று அவர் நெடுநேரம் திட்டினார். சிகரெட் வாங்கக் கடைவாசல்வரை போய்த் திரும்பியும் வந்தார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகுலேஸ்வரியை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் இறக்கிவிட்டு, பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் நடந்த பழைய அட்டைச் சந்தைக்குப் போனார். ஒரு வியாபாரி சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மேசைக் கரையில், பழுதானவை என்று எழுதிய பெட்டி. சண்முகராசா ஒரு முனையிலிருந்து அட்டைகளைத் தட்டிக்கொண்டு வர, கண்ணாடி போட்ட ஒரு பெண் மறுமுனையிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். இருவர் விரலும் ஒரே அட்டையில் நின்றன. அதே துடுப்பாட்டக்காரர். ஒரு மூலை கிழிந்துபோயிருந்தது.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாரேயொழிய விரலை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நகுலேஸ்வரி கோயிலிலிருந்து அவருக்குப் போன் எடுத்தாள். “பத்து நிமிசத்தில வாறன்” என்று சொல்லிவிட்டு அவர் நிமிர, அந்தப் பெண் சிரித்தார்.

“அண்ணை, நீங்கள் தமிழோ? நான் ஆரோ இத்தாலிக்காரன் எண்டெல்லோ நினைச்சன்.”

கிளறிற்றா என்று தன் பெயரைச் சொன்னார். எட்மண்டனில் இருக்கிறார், நேர்ஸ் வேலையில் இப்போது கிழமைக்கு இரண்டு ஷிப்ட் மட்டும். கிரிக்கெட் பைத்தியம். அவருக்கும் இந்த ஒன்றுதான் குறை. இதே அட்டையை இளவேனிலில் ஏலத்தில் எடுத்ததாகவும், வந்து பார்த்தால் அது அண்மையில் அச்சடித்த போலி என்றும், விற்றவன் காசைத் திருப்பித் தராமல் மறைந்துவிட்டான் என்றும் சொன்னார்.

சண்முகராசா இடைமறித்துக் கேட்டார். “கிளறா எண்டது நீங்களோ?”

“ஓம். ஏன்?”

“அரைப் பவுணால என்னை வெட்டினது நீங்கள்தான், தங்கச்சி.”

கிளறிற்றா வாயைப் பொத்திக்கொண்டார். சண்முகராசாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஏலத்தில் தான் வென்றிருந்தால் மூன்று மாதக் காசும் போலிக்குப் போயிருக்கும். போலியென்று கண்டுபிடிக்கவும் தன்னால் ஏலாது. தனக்கு வந்த அடியை இந்த மனுசி வாங்கியிருக்கிறாள். அட்டையிலிருந்து விரலை எடுத்தார்.

“நீங்கள் எடுங்கோ.”

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் அண்ணை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தார். கிளறிற்றா சொல்லவில்லை. நன்றி என்றார், காசைக் கொடுத்தார், பையில் வைத்தார். அவ்வளவும் முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. சண்முகராசாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கண்டபிறகுதான் கிளறிற்றா அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கினார்.

“இனி இந்த அட்டைக்கு நான் ஏலம் கேக்கமாட்டன். எங்கையாவது கண்டா உங்களுக்குச் சொல்லுறன்.”

கோயில் வாசலில் நடந்ததைக் கேட்ட நகுலேஸ்வரி, விட்டுக்கொடுத்தவர் முகத்தை இப்படி வைத்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வானில் ஏறினாள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது, கிங்ஸ்டனில் ஒரு சமையலறையில் அவர் சீமெந்து குழைத்துக்கொண்டிருக்க, கிளறிற்றாவின் போன் வந்தது. இணையத்தில் ஒருவன் அந்தத் துடுப்பாட்டக்காரரின் பெயரைப் பிழையாக எழுதி விற்பனைக்குப் போட்டிருக்கிறானாம்; சரியான பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் அது படாது; ஏலமில்லை, நேரடி விலை; படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டாராம், அசல்தான். “உடன வாங்குங்கோ அண்ணை, கையைக் கழுவிக்கொண்டு நிக்காதேங்கோ” என்றார். சீமெந்துக் கையோடே வாங்கினார். சேர்ந்திருந்த சிகரெட் காசு போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் அட்டை வந்தது. யாரோ அட்டை ஒட்டும் அல்பத்திலிருந்து உரித்தெடுத்ததில் பின்பக்கம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வீரரின் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. ஐம்பதையும் சாப்பாட்டு மேசையில் பரப்பியபோது நகுலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். அதிலே மீசை கீறிய ஆளைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கோடையில் கிளறிற்றா இருவரையும் ஓவல் மைதானத்துக்கு ஒரு கவுண்டி கிரிக்கெட் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். சண்முகராசா மத்தியானத்துக்கு முன்னமே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார். விழித்தபோது நகுலேஸ்வரி அவர் பக்கமே திரும்பவில்லை. மெலிந்த பெடியன் ஒருவன் பந்து போட ஓடிவந்துகொண்டிருந்தான். நகுலேஸ்வரி முன்னால் சாய்ந்து, எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று கிளறிற்றாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.