முத்தம்மாவைச் சுற்றிய கால் கிலோ

1996-இல் அடையாறில் முத்தம்மா பதினொரு நிமிடத்துக்கு ஒரு தடவை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தாள். யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. தெரிந்தாலும் நம் ஊரில் இதையெல்லாம் யார் நின்று பார்க்கிறார்கள்?

கண்டுபிடித்தவர் மயிலாப்பூர் பத்ரிநாராயணன். விண்வெளிக்குப் போகவிருந்த கேமராவின் ஒளியுணரும் சில்லை அடையாறு ஆய்வுக்கூடத்தில் அளந்து சரிபார்ப்பது அவர் வேலை. தூரத்து நட்சத்திரத்தைக் கோள் ஒன்று சுற்றினால் நட்சத்திரம் துளி அசையும். கோள் தெரியாது, அசைவு தெரியும். அதைப் பிடிக்கச் சில்லின் ஒவ்வொரு கட்டமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இதற்காக எட்டு வருஷம் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியை முறைத்துக்கொண்டிருந்தார் மனிதர். அதற்குள் அவர் மகள் ஹம்சினி வளர்ந்து, ஒருநாள் கதவைத் திறந்து, “அப்பா ஆபீஸ்லேர்ந்து வரலை, மாமா” என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

அசையாமல் நிற்க வேண்டிய புள்ளி அந்த ஐப்பசியில் ஆட ஆரம்பித்தது. தெருவில் போகும் பஸ்களைத் திட்டி, மேஜைக்கடியில் சைக்கிள் ட்யூப் வைத்தார். ஆயுத பூஜைக்குத் தானே கருவிப் பெட்டிக்கு வைத்த குங்குமத்தின் மேல் பழி போட்டு ஒரு வாரம் துடைத்தார். கடைசியில், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த முத்தம்மா தரை துடைக்க வரும்போது மட்டும்தான் புள்ளி ஆடுகிறது என்று கண்டு, அவளை உள்ளே விடவேண்டாம் என எழுதிக் கொடுத்தார். காண்ட்ராக்டர் அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டான். புள்ளி சமர்த்தாக நின்றது.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. நிஜமான ஓர் அசைவைப் பிடித்துக் காட்டாவிட்டால் சில்லு குப்பைக்கு. அப்படி அசையும் பொருள் அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான். அதையும் அவரே துரத்தியிருந்தார். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆற்றங்கரையில் முத்தம்மாவின் குடிசைக்குப் போனார். வேலையைத் திருப்பித் தந்தால் வருகிறேன் என்றாள். தந்தார்கள்.

நாற்காலியில் உட்காரவைத்து, கொண்டையில் குண்டூசித் தலை அளவு விளக்கைச் செருகி, நான்கு நாள் அளந்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, எடை கால் கிலோ, அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“அது எம் புருசன் சுப்புராயன், சார்,” என்றாள் முத்தம்மா. “செத்து அஞ்சு வருசமாச்சு. உசுரோட இருந்தப்போ அறுவது கிலோ, ஊட்டாண்டயே வரமாட்டான். இப்போ எளச்சிப்போயி என்னியே சுத்திக்கினு கீறான்.”

பத்ரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஹம்சினியின் நினைப்பும் வந்தது.

“கிட்ட வர்றானா சார், தள்ளிப் போறானா?”

கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். “வருஷத்துக்கு ஒரு நெல்லளவு கிட்ட வரார்.”

“மெதுவா வரட்டும். எனுக்கு இன்னா அவசரம்?” என்று துடைப்பத்தை எடுத்தாள்.

அன்றைக்கு அவர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனார். சில்லும் தேறியது. சான்றிதழின் நாலாம் பக்கத்தில், சோதனைப் பொருள் என்ற இடத்தில் முத்தம்மா என்றும், சுற்றும் பொருள் என்ற இடத்தில் கணவர் என்றும் இருக்கிறது.