நீனோவின் ஆணிச் சப்பாத்து

நிசாந்தியைக் குறை சொல்லி என்ன பயன்? சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிற மனிதரை அவள் எங்கே கண்டாள்? செருப்பென்றால் வாசலுக்கு வெளியே. வன்னியில் மண்வீட்டிலும் அப்படித்தான், முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோதும் அப்படித்தான், இப்போது இந்த வெளிநாட்டு நகரத்தில், பிரான்காச்சோப் பக்கம் மகளோடு மாடிவீட்டில் இருக்கும்போதும் அப்படித்தான். ஆகவே பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்த கையோடு கிழவர் கலோஜெரோவின் கட்டிலடியைக் கூட்டப் போனவள், அங்கே கிடந்த கனத்த பழைய சப்பாத்துச் சோடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தாள். அடிப்பக்கம் முழுக்க ஆணி. இதை வீட்டுக்குள் வைத்திருந்தால் வீடு விளங்கினாற்போலத்தான் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூட அதிகம். அவள் எதையும் நினைத்துக் கனகாலம்.

அந்த வீட்டில் முன்பு வேலை செய்தவள் மன்னார் றோசமலர். முழங்கால் ஒப்பரேசனுக்காக நின்றுகொண்டு, தன் இடத்துக்கு நிசாந்தியை விட்டிருந்தாள். "கிழவர் சாப்பிடேக்கை ஒரு கதை கதைக்கப்படாது. ஊமை வீடடி, உனக்குத் தோதான இடம்" என்று சிரித்து அனுப்பினாள். உண்மைதான். நிசாந்திக்கு அந்த வீடு பிடித்துக்கூட இருந்தது. சூப்பை வைப்பாள், கிழவர் குடிப்பார், கோப்பையைக் கழுவுவாள். பகல் போய்விடும். இப்படி எத்தனை பகலை அவள் போகவிட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை கிழவர் மடியில் ஒரு கொழுப்பு டின்னும் பழந்துணியுமாக உட்கார்ந்திருந்தார்.

"நீனோவைக் கொண்டு வா" என்றார்.

"எந்த நீனோ, சிஞ்ஞோர்?"

அவர் கட்டிலுக்கடியைக் காட்டினார். அங்கே கிடந்தது அந்தச் சப்பாத்து மட்டும்தானே. கதவைத் திறந்து பார்த்தாள், வெளியே ஒன்றுமில்லை. கீழே வாசல் காக்கிற கிளறாவிடம் ஓடினாள். கிளறா கையை விரித்தாள். வெளியே வைத்தால் எறியத்தானே வைத்தது? மூன்று சில்லு வண்டியில் வரும் பழைய சாமான்காரன் கேட்டான், கொடுத்துவிட்டேன், பல்லரோச் சந்தைக்குத்தான் கொண்டுபோயிருப்பான் என்றாள்.

படியில் நின்றபடியே றோசமலருக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ என்ரை மாதாவே! அதையோடி வெளியிலை வைச்சனி?"

"செருப்பை வேறை எங்கையக்கா வைக்கிறது?"

"அடி விசரி, அது அவரின்ரை தம்பியடி!"

பிறகு சொன்னாள். அண்ணனும் தம்பியும் இளந்தாரி வயதிலே கனடாவுக்கு மரம் தறிக்கப் போனவர்களாம். "எங்கட சனம் இருக்கிற ரொறன்ரோ இல்லை. மற்றக் கரை, வடமேற்கு மூலை. ஒரே மழையும் காடும். நாலுபேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்கேலாத மரங்களாம்." ஒரே கொட்டிலில் ஒரு பட்டாளமே படுக்கும், அடுப்புக்கு மேலே எல்லாருடைய ஈரக் காலுறையும் தொங்கும், அந்த மணத்திலே நித்திரை வராது. சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தால் சமையற்காரன் எழுப்பி விட்டுவிடுவான். கதைத்தால் சண்டை வரும், வேலைக்குச் சுணங்கும். கிழவருடைய ஊமைச் சாப்பாடு அங்கே பழகியது. தறித்த மரங்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, ஆணிச் சப்பாத்தோடு அவற்றின் மேல் ஏறி நடந்து ஓட்டிக்கொண்டு போவார்களாம். நீனோ ஒருநாள் வழுக்கி விழுந்தான். மரங்கள் கதவைச் சாத்தினதுபோல் மேலே மூடிக்கொண்டன. உடம்பு கிடைக்கவேயில்லை.

"அங்கை ஒரு வழமை இருக்காம். தண்ணியிலை போனவன்ரை மற்றச் சோடிச் சப்பாத்தை நாடாவாலை முடிஞ்சு கரைமரத்திலை தொங்கவிடுவினமாம். தொங்கவிட்டால் ஆள் முடிஞ்சுது எண்டு அர்த்தம். இந்த மனுசன் மாட்டன் எண்டிட்டார். பெட்டிக்குள்ளை வைச்சு இஞ்சை கொண்டந்திட்டார். சனிக்குச் சனி கொழுப்புப் பூசுறார். தோல் காஞ்சால் நீனோ வந்து போடேலாதாம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீ எங்கையடி வாய் திறந்து கேட்டனி?"

நிசாந்தி விழுந்தடித்துக் கீழே இறங்கினாள். தன் பதற்றம் தனக்கே அதிசயமாக இருந்தது. வசீகரன் போன அன்றுகூட அவள் இப்படிப் பதறவில்லை. அவள் புருசன் வசீகரனும் மரம் தறிக்கிறவன்தான். வன்னிக் காட்டில் பாலையும் முதிரையும் தறித்தவன், சண்டையின் கடைசி மாதங்களில் பதுங்கும் பங்கருக்கு மரக்குத்தி தறித்தான். கடற்கரை மணலில் கிடங்கு வெட்டி இருந்தபோது, "மேலை போட ஒரு குத்தி காணாது, ஓடிப்போய்க் கொண்டு வாறன்" என்றான். மணலில் செருப்பு புதையும் என்று வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். பிறகு வரவேயில்லை. அந்த றப்பர் செருப்புகள்தான் இன்றைக்கும் பிரான்காச்சோ வீட்டு வாசலில் கிடக்கின்றன. வாசலில் ஆம்பிளைச் செருப்புக் கிடந்தால் கள்ளன் வரமாட்டான் என்று மகள் தயானிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

கிழவரைப் பார்க்கச் சொல்லிக் கிளறாவை மேலே அனுப்பிவிட்டுப் பல்லரோவுக்கு ஓடினாள். மீன்தண்ணீரை மிதித்து, தக்காளிக்காரர்களின் கூச்சலுக்குள் நுழைந்து, பழைய சாமான் விரிக்கும் ஒழுங்கைக்கு வந்தாள். உடைந்த கதிரை, கைகழன்ற பொம்மை, யாரோ ஒருவரின் கலியாணப் படம். நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு யன்னல் கம்பிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில், நாடாக்கள் ஒன்றோடொன்று முடியப்பட்டு, நீனோவின் சப்பாத்து தொங்கிக்கொண்டிருந்தது.

கடவுளே, தொங்கவிட்டு விட்டான்களே என்று வாய்விட்டே சொன்னாள். தமிழ் விளங்காத கடைக்காரன் தலையாட்டினான். அவன் கேட்டதைக் கொடுத்து வாங்கினாள். முடிச்சை அவிழ்க்கப் போனான். "விடு" என்றாள்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. முடிச்சை அவிழ்த்துக் கட்டிலடியில் வைத்தால் கிழவருக்கு என்ன தெரியப்போகிறது? அடுத்த சனியும் நீனோ உயிரோடு இருப்பான். படியேறும்போது விரல் முடிச்சிலே இருந்தது. ஆனால் அவிழ்க்கவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியாது.

கிழவர் டின்னோடு அப்படியே இருந்தார். முடிச்சைப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"சந்தைக்காரன். நான்தான் வெளியே வைத்தேன், சிஞ்ஞோர். பிழை என்னுடையது. அவன் கயிற்றில் போட்டிருந்தான்."

"தொங்கியதா?"

"தொங்கியது."

கிழவர் டின்னை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பவும் அழுத்தினார். "எனக்குக் கை வரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்துவிட்டான்" என்றார். சிரிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பார்த்தால் வாயைத் திறந்து சின்னப்பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்றாள். அழுகிறவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

பல்கனிக்கு எட்டிய தெருமரக் கிளையில் அவர் சொன்னபடி சப்பாத்தைத் தொங்கவிட்டாள். மத்தியானம் சூப்பு வைத்தாள். கிழவர் ஒரு கரண்டி குடித்தார். பிறகு, மேசையிலே, வாய் திறந்து கதைத்தார்.

"நீனோவுக்குப் பொல்லாத குறட்டை. பக்கத்தில் ஒருவரும் படுக்க முடியாது."

பின்னேரம் பஸ்ஸில் பிரான்காச்சோவுக்கு வந்தாள். வாசலில் றப்பர் செருப்புகள் கிடந்தன. குனிந்து எடுத்தாள். வார்கள் காய்ந்து வெடித்திருந்தன. உள்ளே போய் ஒரு நூலால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொளுக்கியில் மாட்டினாள்.

தயானி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "மாம்மா, என்ன செய்யிறியள்? கழுவினதோ?"

"இல்லை."

"அப்ப பெர்கே? ஏன்?"

"அப்பா செத்திட்டார்."

தயானி எழும்பியே விட்டாள். "எப்ப? ஆர் சொன்னது? ஊரிலையிருந்து கோல் வந்ததோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பவே செத்திட்டார்."

இப்போதாவது அழுகை வரும் என்று கொளுக்கியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. கீழே ஒரு பஸ் திரும்பிப் போனது. தயானி வந்து பக்கத்தில் நின்று செருப்புகளைப் பார்த்தாள். நாலு வயதில் பங்கருக்குள் இருந்து பார்த்தவள், அவற்றின் சொந்தக்காரனின் முகம் அவளுக்கு நினைவில்லை.

"அம்மா" என்றாள் மெல்ல. "வாசலிலை செருப்பு இல்லாட்டிக் கள்ளன் வருவானே?"

"வரட்டும்" என்றாள் நிசாந்தி. "இனி இஞ்சை என்ன கிடக்கு, கொண்டு போக?"