குமரகுருவின் சுத்தக் கம்பளி

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் சால்வைக் கடை வைத்திருந்த குமரகுரு, ‘சுத்தக் கம்பளி’ என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக விற்றதெல்லாம் வடக்கேயிருந்து வரும் பிளாஸ்டிக் நூல் சரக்கு. போன சீசனில் ஒரு தாடிக்காரர் சால்வை இழையைத் தீக்குச்சியில் காட்டினார். கம்பளியென்றால் முடி கருகும் வாடை வரவேண்டும். இதுவோ உருகிச் சொட்டியது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படமெடுத்தார்கள்.

மானம் போன ஆத்திரத்தில், நிஜக் கம்பளியைத் தானே செய்து காட்டுவதென்று குமரகுரு கிளம்பினார். கடையத்தில் ஆடு வளர்க்கும் சுடலைமுத்துவைப் பிடித்தார்.

“நம்ம ஆட்டுக்கு வெறும் முடிதான் அண்ணாச்சி. கம்பளிக்குக் குளிர்ப் பக்கத்து ஆடுல்லா வேணும்,” என்றான் அவன்.

கொடைக்கானலிலிருந்து ஒரு சாக்கு ஆட்டு ரோமம் வந்தது. அவிழ்த்ததும் தெருவே மூக்கைப் பொத்தியது. பிசுக்கு, முள், புழுக்கை, நடுவே கொஞ்சம் கம்பளி. குமரகுரு பாதியைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டுக் கிண்டினார். அது இறுகிக் கால்மிதியாகிவிட்டது.

“உப்புமாவா கிண்டுதிய?” என்று மனைவி உமாராணி மீதியைப் பிடுங்கிக்கொண்டாள். வெந்நீரில் அசைக்காமல் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டாள். கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே வாரிச் சிக்கெடுத்தாள். இருவருமாகத் தக்களியைக் கையால் சுழற்றி நூற்றார்கள். குமரகுரு நூற்றதைப் பார்த்த மேலகரம் நெசவாளி தங்கசாமி, “இது நூலா, தாம்புக்கயிறா?” என்று கேட்டுவிட்டுத்தான் தறியில் ஏற்றினார். நெய்து வந்ததை வெந்நீரில் நனைத்து மிதித்தார்கள். இழைகள் நெருங்கித் துணி கெட்டியானது.

சாரல் தொடங்கியதும் சால்வை கடை முகப்பில் ஏறியது. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“சீ, குத்துது! ஆட்டு வாடை வேற. நல்ல கம்பளியா காட்டுங்க. அதோ, அந்த ரோஸ் கலர், எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு!”

“அம்மா, அது பிளாஸ்டிக் நூலு. இதுதான் கம்பளி,” என்றார் குமரகுரு. வியாபாரத்துக்கு வந்த நாள் முதல் அவர் சொன்ன முதல் உண்மை.

“வெளியூர்க்காரின்னா ஏமாத்திடலாம்னு பாக்குறீங்களா?” அந்த அம்மாள் எதிர்க்கடைக்குப் போய், அதே மாதிரி ரோஸ் சால்வையைச் ‘சுத்தக் கம்பளி’ என்று வாங்கிப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

குமரகுரு சால்வை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சாரல் கடைக்குள் அடித்தது. உமாராணி சால்வையை இறக்கி அவர் தோளில் போட்டாள்.

“குத்துதா?”

“குத்துது. ஆனா கதகதன்னு இருக்குட்டி.”

அதை அவர் அன்று கழற்றவேயில்லை. அதைப் போர்த்தியபடியே சாயங்காலம் வரை ரோஸ் சால்வை விற்றார்.