சில்வியா கையில் இருந்த தட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயபுரம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகளை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு எங்க துன்னலாம்?" என்று சண்டை போடுவதுதான் அந்த மூன்று பேருக்கும் வாரத்திலேயே பெரிய சந்தோஷம். ஜெபினுக்கு அப்பாவின் மொத்த மளிகைக் கடை இருக்கிறது, தண்டையார்பேட்டையில். தௌசீஃப் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சில்வியா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் தின்று வளர்ந்தவர்கள். கேக் கடை, ஐஸ்கிரீம் கடை, தள்ளுவண்டி என்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. ஜெபின் அதையெல்லாம் வீடியோ எடுத்து 'வடசென்னை நாக்கு' என்று போடுவான். அதைப் பார்க்கவும் ஒரு பெருங்கூட்டம் இருந்தது. ஊரில் வேலையில்லாதவர்களுக்கா பஞ்சம்!

ரம்ஜான் மாதம் முழுக்க தௌசீஃபுக்காக இந்தச் சுற்றலை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெருநாள் கழிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அது. ஒரு மாத ஏக்கத்தையும் அன்றைக்கே தீர்த்துக்கொள்வது என்று கிளம்பினார்கள்.

முதலில் திருவொற்றியூரில் புதிதாகத் திறந்திருந்த ஏசி கேக் கடை. பாலில் ஊறிய கேக்கைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்தது தண்டையார்பேட்டையில் ஒரு ஃபலூதா. கடைசியாக மூலக்கொத்தளத்தில் நாகவள்ளியின் போட்டி வண்டி. சுடுகாட்டு மதிலுக்கு எதிரே, ஒரு குடோன் வாசலை ஒட்டி அது நிற்கும். போட்டி என்றால் ஆட்டுக் குடல்; அதை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, சுடச்சுட இலை போட்ட தட்டில் தருவாள். குடல் போவது தௌசீஃபின் மாமா கறிக்கடையிலிருந்து. அதனால் அவனுக்கு அந்த வண்டியின் மேல் தனிப் பெருமை.

"சில்வி, இந்தத் தட்டப் புடி. வாயாண்ட எடுத்துனு போற மாதிரி காட்டு. சிரி. ஆங், அப்டித்தான்!" என்று ஜெபின் படம் எடுத்தான். சில்வியா தட்டைப் பிடித்தாள், சிரித்தாள். படம் முடிந்ததும் அவன் தன் தட்டில் பாய்ந்தான். தௌசீஃப் ஏற்கெனவே இரண்டாவது தட்டில் இருந்தான். சில்வியாவின் தட்டு என்ன ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை சில்வியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஓயாத வாந்தி, பேதி, கையில் டிரிப்ஸ். அவள் அம்மா ரோசி போனில் ஜெபினைக் கிழித்தாள்.

"இன்னா எழவுடா வாங்கிக் குடுத்தீங்க என் பொண்ணுக்கு? கண்ணத் தொறக்க மாட்டேன்றா!"

ஜெபின் போட்டது போட்டபடி தௌசீஃபின் கடைக்கு ஓடினான். இருவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"கேக்கா இருக்குமா?"

"கேக்க மூணு பேருந்தான் துன்னோம் மச்சான். நமக்கு ஒண்ணும் ஆவலியே."

"ஃபலூதா?"

"அதுவும் மூணு பேருந்தான்."

"அப்ப போட்டி!"

"டேய், அத்த நான் ரெண்டு தட்டு துன்னேன். குத்துக்கல்லாட்டம் கீறேன், பாரு."

"உன் வயிறு வேற. அவளுக்கு ஒத்துக்காம இருந்திருக்கும்."

சுற்றிச் சுற்றிப் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. மதியம் அவள் ஆபீஸில் என்ன சாப்பிட்டாள் என்பதுகூடத் தெரியாது. கேட்கலாம் என்றால் அவள் போன் ரோசியிடம் இருந்தது. இவர்கள் நம்பரைப் பார்த்தாலே ரோசி கட் செய்தாள். அதற்குள் ஜெபினின் வீடியோ பக்கத்தில் கேள்விகள் குவிந்துவிட்டன. சில்வியாவின் ஆபீஸ்காரர்கள் மூலம் விஷயம் வெளியே போயிருந்தது. எந்தக் கடை, சொல்லுங்க, நாங்களும் உஷாரா இருக்கணும் என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள்.

'தெரியவில்லை' என்று எழுதியிருக்கலாம். ஒற்றைச் சொல், காசா பணமா? ஆனால் நாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டவன் தெரியாது என்று எப்படிச் சொல்லுவான்! சில்வியா தட்டோடு சிரிக்கும் வீடியோவை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் டிரிப்ஸ் பாட்டில் படம் ஒன்றை ஒட்டினான். 'மூலக்கொத்தளம் போட்டி வண்டி, உஷார் மக்களே' என்று போட்டுவிட்டான்.

தீ மாதிரிப் பரவியது. சுடுகாட்டாண்ட விக்கிறதைத் தின்னா வேற என்ன ஆகும், குடல் என்றாலே கலீஜ்தானே, இவங்களையெல்லாம் விரட்டணும் என்று கருத்துகள் கொட்டின. பெயர் தெரியாத ஒரே ஒருவர் மட்டும் 'அந்தப் பொண்ணு அத துன்னவே இல்ல' என்று எழுதியிருந்தார். ஜெபின் சிரித்தான். "கையில தட்டு கீது, துன்னலையாம். புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று அதை அழித்தான்.

தௌசீஃபுக்கு மனசு கேட்கவில்லை. "மாமே, கேக் கடையாவும் இருக்கலாம்னுதான பேசினோம்? அத்த ஏன் போடல?"

"அது எப்டிடா? கண்ணாடிக் கதவு, கையுறை, ஏசி. அங்கபோய் இந்த மாதிரி..."

"அதுவுமில்லாம அவன் வக்கீல் நோட்டீஸ் வுடுவான். இந்தக்கா இன்னா வுடும்?" என்று தௌசீஃப் இடித்தான்.

ஜெபினுக்கே குழப்பமாக இருந்தது. ஆனால் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்தக் குஷியில் குழப்பம் அமுங்கிவிட்டது.

புதன்கிழமைதான் சில்வியா வீட்டுக்கு வந்தாள். போன் கைக்குக் கிடைத்ததும் அந்த வீடியோவைப் பார்த்தாள். உடனே இருவரையும் வரச் சொன்னாள். முகம் வெளிறிக் கிடந்தது. குரல் மட்டும் வெளிறவில்லை.

"யாரு சொன்னா உனக்கு, நான் போட்டி துன்னேன்னு?"

"நீதான சில்வி தட்டோட..."

"தட்டப் புடின்னே, புடிச்சேன். அன்னிக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"தவக்காலத்து வெள்ளிடா! நாங்க கவுச்சியே எடுக்க மாட்டோம். ஏழாங்கிளாஸ்லேர்ந்து என் டிபன் பாக்ஸப் பாக்குறியே, தெரியாது? நீ படம் எடுத்து முடிச்சதும் அந்தக்காகிட்டயே தட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். இன்னிக்கு எடுக்க மாட்டேன்க்கா, வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொன்னேன். அவங்க நான் சாப்புடலன்னு அந்தக் காசக்கூட வாங்கல."

ஜெபினும் கிறிஸ்தவன்தான். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து வந்த அவன் குடும்பம் போகும் சபையில் இந்த வெள்ளிக்கிழமை வழக்கம் கிடையாது. தௌசீஃபின் நோன்புக்கு ஒரு மாதம் காத்திருந்தவர்கள், அவன் நோன்பு முடிந்த அவசரத்தில் இவள் நோன்பை மறந்துபோனார்கள். சொன்னால் இவர்கள் உற்சாகம் கெடுமே என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயர் தெரியாத ஆள் எழுதியது இப்போதுதான் ஜெபினுக்கு ஞாபகம் வந்தது.

"அழிச்சிடறேன்" என்று போனை எடுத்தான்.

"அழிச்சா? பாத்தவன் மண்டையிலேர்ந்து எப்டி அழிப்ப? முதல்ல அந்தக்காவப் போய்ப் பாரு. நானும் வரேன்."

மூலக்கொத்தளத்தில் வண்டி இருந்தது, அடுப்பு எரியவில்லை. நாகவள்ளி வாணலியையும் தட்டுகளையும் ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் லாரி விபத்தில் இடுப்பு உடைந்து வீட்டோடு இருப்பவன். இந்த அடுப்பு எரிந்தால்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும். குடோன் மேனேஜர் அருள்பிரகாசம் வாசலில் நின்று, "இன்னிக்கே எடுத்துடும்மா. லாரிக்காரங்ககூட இங்க நிறுத்த மாட்டேன்றாங்க. முதலாளி என்னைத்தான் கேக்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சில்வியாவைக் கண்டதும் நாகவள்ளி சாக்கைக் கீழே போட்டாள்.

"வந்துட்டியா கண்ணு! ஒடம்பு தேவலையா? சொல்லும்மா இந்த சார்கிட்ட. ஊரெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன், அந்தப் பொண்ணு வாய்லயே வெக்கலன்னு. என் தம்பி போன்லகூட எய்திப் போட்டான். ஒருத்தனும் நம்பல. வீடியோல தட்டு கீதேன்றாங்க."

"ஆமா சார், நான் சாப்புடவே இல்ல" என்றாள் சில்வியா. "இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

நாகவள்ளி ஜெபின் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஏம்பா, எத்தினி நாளு இங்க வந்து துன்னுகிற? போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த வந்து கேக்கக் கூடாதா? நாலு நாளா அடுப்பு பத்த வெக்கல நான்."

ஜெபின் தலையைத் தொங்கப் போட்டான். "தப்புதான்க்கா. தௌசீஃப், வீடியோ எடு. இங்கயே நின்னு சொல்லிடறேன்."

தௌசீஃப் போனைத் தூக்கிப் பிடித்தான். ஜெபின் நடந்ததைச் சொல்லி முடித்தான். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அருள்பிரகாசம் தாடையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் சரி தம்பி. அப்ப இந்தப் பொண்ணுக்கு எதாலதான் வாந்தி வந்துச்சு? வேற எங்க சாப்பிட்டீங்க? அந்தக் கடை பேரைச் சொல்லு. அப்பத்தான ஜனங்க நம்புவாங்க!"

"சொல்லுப்பா, சொல்லு" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

கேக் கடையின் பெயர் ஜெபினின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போதும். நாகவள்ளி தப்பிப்பாள், அவன் பேரும் தப்பிக்கும், பழைய வீடியோவைவிட இது ஓடும். ஆனால் அந்தக் கேக்கை மூன்று பேரும்தானே தின்றார்கள்? ஃபலூதாவையும்தானே? மதியம் சில்வியா ஆபீஸில் தின்றதாகவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்! டாக்டருக்கே தெரியவில்லை. சில்வியாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது சார்" என்றான் ஜெபின்.

"தெரியாதுன்னா எப்டிப்பா?"

"நெஜமாவே தெரியாது சார். அன்னிக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் யாரு திருப்பி அடிக்க மாட்டாங்களோ அவங்கள கை காட்டிட்டேன். இப்ப இன்னொருத்தர் பேரச் சொன்னா, அதே தப்ப ரெண்டாவது தபா பண்ணதா ஆயிடும்." அவன் போனை நேராகப் பார்த்தான். "இத்தப் பாக்கறவங்களுக்கும் சொல்றேன். ஒருத்தர் பொழப்பப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, நமக்கு நெஜமா தெரியுமான்னு நம்மளையே கேட்டுக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். ஏழைங்க கடைன்னா தப்பு அங்கதான் இருக்கும்னு நெனைக்கறோம் பாருங்க, அதான் உண்மையான கலீஜ்."

அருள்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். வண்டி இங்கயே நிக்கட்டும்மா" என்று உள்ளே போனார்.

நாகவள்ளி சாக்கைக் கவிழ்த்து வாணலியை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தௌசீஃப் மாமா கடைக்கு ஓடிப்போய்ப் போட்டி வாங்கிக்கொண்டு வந்தான். மிளகு வாசனை கிளம்பியதும் எதிரே மதிலோரமாகத் தள்ளி நின்ற லாரியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்த ஆள் இறங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் தட்டை நாகவள்ளி ஜெபினிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, தௌசீஃப் இன்னும் படம் எடுக்கிறானா என்று திரும்பிப் பார்த்தான்.

"தட்டப் புடிச்சிகினு போஸ் குடுத்த வரைக்கும் போதும்" என்றாள் நாகவள்ளி. "எல்லாரும் பாக்கறாங்க. துன்னு."