தோற்கத் தெரியாத ஓக்சிம்

போல்க்யோவின் சேற்றுக் கடற்கரையில் மட்டி அள்ளும் பெண்களில் ஓக்சிமை மிஞ்ச ஆளில்லை. ஒரு முழங்காலைச் சேற்றுப் பலகையில் ஊன்றி, மறு காலால் சேற்றை உந்தினாள் என்றால் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவளிடம், ஊர்ப் பொதுக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால், படகு என்ஜின் பழுதுபார்க்கும் சில்போக் எழுந்து நின்று கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். புருஷன் இறந்து வெகுகாலம் ஆனவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. வெட்கம் அவளுக்கு எப்போதும் திமிராகத்தான் வெளியே வரும்.

"சேத்துப் பலகையில என்னை ஜெயிச்சுட்டு வாங்க, பாக்கலாம்" என்றாள்.

ஆண்பிள்ளைகள் யாரும் அந்தப் பலகையில் ஏறுவதில்லை. சில்போக் ஏறுகிறேன் என்றான். ஊரே சிரித்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஓக்சிமுக்குத் தான் செய்த தப்பு உறைத்தது. அவளுக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்தது. கூப்பிடாமலே வந்து தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போகிறவன். மட்டி வேகும்போது ஒரே பக்கமாகத்தான் கிளற வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆண்பிள்ளை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினால் தோழி மல்லே சாகும்வரை குத்திக்காட்டுவாள். ஆகவே தோற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அதற்கு அவள் செய்த ஏற்பாடு கொஞ்சநஞ்சமல்ல. வயிறு முட்டச் சாப்பிட்டாள். மாமனாருடைய தொளதொள ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கடல் உள்வாங்கியதும், தூரத்தில் நட்ட கொடியை யார் முதலில் பிடுங்குவது என்று பந்தயம் தொடங்கியது. பாதி வழியில் பலகையை நிறுத்தி, இங்கே மட்டி நன்றாகக் கிடக்கிறதே என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, குனிந்து சேற்றைத் துழாவ ஆரம்பித்தாள். சில்போக் மூச்சிரைக்க அவளைத் தாண்டிப் போனான். அப்பாடா என்றிருந்தது.

நிமிர்ந்து பார்த்ததுதான் தப்பு. இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கூழாக்கிக்கொண்டிருந்தான் மனிதன். அதை எப்படிச் சகிப்பது? மிதிக்காதே, பின்னால் தள்ளு என்று கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ச் சொன்னாள். கேட்டது, விளங்கவில்லை.

"ஐயோ, நெஞ்சைத் தாழ்த்துங்க. இங்க பாருங்க, இப்படி" என்று செய்து காட்டினாள்.

காட்டி முடித்தபோது பந்தயக் கொடி அவள் கையில் இருந்தது.

கரையில் ஒரே கைதட்டல். ஓக்சிமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கட்டிக்கொள்வது? திரும்பிப் பார்த்தால் அவன் பலகை கவிழ்ந்து கிடந்தது. அவனோ இடுப்பளவு சேற்றில் நட்டுவைத்த மாதிரி நின்றான். முகத்தில் சேற்றைவிடத் துக்கம்தான் அதிகம் அப்பியிருந்தது. மல்லேயும் மற்ற பெண்களும் கயிற்றோடு பலகைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் ஓக்சிம்.

அவனைச் சுற்றி நாலு பக்கமும் மூங்கில் கழிகள் நின்றன. அந்தச் சேற்றுவெளி முழுக்க வீட்டுக்கு வீடு அப்படித்தான் கழி நட்டுப் பிரித்திருக்கிறது. ஒருத்தி கழிக்குள் கிடக்கும் குஞ்சு மட்டியைக்கூட இன்னொருத்தி தொடமாட்டாள்.

"இது யாரு பாத்தி?" என்று கேட்டாள் ஓக்சிம்.

"உன்னோடதுதான்டி. அதுக்கென்ன இப்போ?" என்றாள் மல்லே.

"என் பாத்தில கிடக்கறது எனக்கு. பந்தயம் எப்படிப் போனா என்ன."

பெண்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றான் சில்போக் சேற்றுக்குள்ளிருந்து.

"மட்டிய யாராவது கேட்டுட்டா அள்ளுறாங்க?" என்று அவன் அக்குளில் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள் ஓக்சிம்.

அவன் வந்துவிட்டான். பூட்ஸும் கால்சட்டையும்தான் வரவில்லை.