குறையாத வாத்துகள்

...கேள்வி கேட்கிறார்கள், பதில் வாய்க்கு வருவதற்குள் போனுக்குள் குனிந்துவிடுகிறார்கள், இப்போதெல்லாம் எல்லோருக்கும் இதே வழக்கம், வரவேற்பு மேசைக்காரி மட்டும் என்ன விதிவிலக்கா, "பேரனுக்கா அட்மிஷன், தாத்தா?" என்றாள், "எனக்குத்தான்மா" என்று இவர் சொன்னபோது அவள் தலை கவிழ்ந்திருந்தது, விரல் மட்டும் டோக்கனை நீட்டியது, பதினேழு. அறுபத்து மூன்று வயதில் கல்லூரி நாற்காலி, அதுவும் முதுகுக்கு ஒத்துவராத பிளாஸ்டிக்... படிவத்தில் இரண்டு கட்டங்கள், காட்டுயிர்ப் பாதுகாப்பு, நீர்நிலைப் பாதுகாப்பு, ஒன்றில் டிக் போட வேண்டும். "ஏரியிலயே கெடந்தவருக்கு இதுல என்னப்பா யோசனை" என்று மகள் பஸ் ஏற்றிவிடும்போது சிரித்தாள். இருபத்தாறு வருஷம் ஏரிக் காவலர், படிப்பு எட்டாவது, ஓய்வுக்குப் பிறகு தனித்தேர்வராக உட்கார்ந்து பத்தும் பன்னிரண்டும் தேறியது எதற்காக... மூன்று குளிர்காலமாக ஏரியில் ஒரு வாத்துகூட இறங்கவில்லை, கரையோரம் மண்ணைக் கொட்டித் தூர்க்கிறார்கள், மனு போட்டால் வன அலுவலகத்திலிருந்து ஒரே பதில், 'பதிவேட்டின்படி பறவைகளின் எண்ணிக்கை கூடியே வருகிறது', அந்தக் கடிதம் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடக்கிறது. பட்டம் வாங்கியவன் சொன்னால்தான் காது கொடுப்பான்களாம், சரி, வாங்கித் தொலைப்போம்.

பார்வைக்கு வைத்திருந்த பாடப்புத்தகத்தைப் புரட்டினார், இவருடைய ஏரியேதான், 'மீண்ட நீர்நிலை' என்று தலைப்பு, கீழே வாத்துக் கணக்கு, வருஷத்துக்கு வருஷம் உயரும் கம்பங்கள், முந்நூற்று எண்பது, நானூற்றுப் பன்னிரண்டு... நானூற்றுப் பன்னிரண்டா? ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியது. அந்தக் கணக்கெடுப்பு வாரம் மனைவி குழாயும் கையுமாகக் கிடந்தாள், ஏரிப்பக்கமே போகவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போன வருஷத்து எண்ணோடு முப்பத்திரண்டைச் சேர்த்து எழுதினார், நானூறு என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வருமே... அடுத்த வருஷம் நிஜமாகவே எண்ணினார், இருநூற்றுச் சொச்சம்தான். "கொறஞ்சா ஏன் கொறஞ்சுதுன்னு நாலு பக்கம் எழுதணும்யா, கொக்கு, கூடினா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார் ரேஞ்சர், நீளக் கழுத்துக்காக இவருக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. கூட்டினார், பிறகு கை பழகிவிட்டது, பின்னால் வந்தவனும் அதையே பார்த்துக் கூட்டியிருப்பான், தாள்களைக் கரையான் தின்றிருக்கும் என்றல்லவா இத்தனை நாள் இருந்தார், அலுவலகத்துக்காரன் திருடன் என்று தெருவெல்லாம் வைதுகொண்டு...

பதினேழு, குமாஸ்தா கூப்பிட்டான். "எந்தப் பிரிவுங்க ஐயா? டிக்கே போடலையே." பரீட்சையில் இந்த ஏரியைக் கேட்பார்கள், நானூற்றுப் பன்னிரண்டு என்றால் மார்க், உண்மையை எழுதினால் முட்டை... "இந்தப் பொஸ்தகத்துல இருக்கறது தப்பு தம்பி." "படிச்சவங்க போட்டதுங்க, தப்பா இருக்காது." "அதைப் போட்டதே நான்தான்." "சரிங்க ஐயா" என்ற குமாஸ்தா அதற்குள் போனுக்குள் போயிருந்தான்.

"யோசிச்சுட்டு வரேன்" என்று படிவத்தை இழுத்துக்கொண்டார், கடிதத்தோடு சேர்த்துப் பையில் செருகினார், வெயிலில் இறங்கி நடந்தார். பட்டம் வாங்கினால் நம்புவான்களாம்... எந்தக் கொக்கை நம்புவான்கள், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதினவனையா, இனிமேல் எழுதப்போகிறவனையா? பஸ் நிறுத்தத்தைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தார், கட்டம் இரண்டும் காலியாகவே இருந்தன.